அஞ்சாம் பாகத்துக்கு அப்புறம்

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் முடிந்தது. முடிந்த கையோடு ஒரு சண்டை.

"அவ்ளோதானா?" என்றாள் மகள்.

"அவ்ளோதான்."

"அவன் ராஜா ஆகவே இல்லியேப்பா! பேரே பொன்னியின் செல்வன். ராஜா ஆகறதுக்குத்தானே நான் 293 சாப்டர் கேட்டேன்?"

293 அவள் போட்ட கணக்கு. 57, 53, 46, 46, 91. ஒவ்வொரு பாகம் முடியும்போதும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நியூ ஜெர்ஸி குளிரில் ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் போட்டுவிட்டு, வாரத்துக்கு மூன்று நாலு நாள் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வராத தமிழ் அவளுக்கு ஆழ்வார்க்கடியானிடமிருந்து வந்தது. 2022இலும் 2023இலும் வந்த மணிரத்னம் படங்களைக்கூடப் பார்க்கவிடாமல் ஒளித்து வைத்திருந்தேன், கதை தெரிந்துவிடுமே என்று. அவ்வளவும் செய்த எனக்குக் கிடைத்தது, "கல்கி ஏமாத்திட்டார், நீயும் சேர்ந்து ஏமாத்திட்டே."

முந்தின வருஷம்தான் 'ஹங்கர் கேம்ஸ்' மூன்று பாகக் கதையின் கடைசிப் புத்தகமான 'மாக்கிங்ஜே'யை (2010) முடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வீசினாள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. இது நானே வாங்கிக் கொடுத்த ஏமாற்றம்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் இதே ஏமாற்றம் உண்டு. என் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். எங்கள் வீட்டுப் பொன்னியின் செல்வன், கல்கி பத்திரிகையில் அதை மறுபடி போட்டபோது அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு. அட்டை போட்ட நாலு தொகுதி இருந்தது. அஞ்சாவதை யாரோ இரவல் வாங்கிப் போய் வரவே இல்லை (எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு அஞ்சாவது தொகுதி உண்டு போல!). அதனால் பத்து வயதிலிருந்து காலேஜ் போகும்வரை கடைசிப் பாகத்தை நானே மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். அருள்மொழிக்குப் பட்டாபிஷேகம், யானை மேல் ஊர்வலம், அப்புறம் கப்பல் கப்பலாகப் படை. சிதம்பரத்தில் காலேஜில் சேர்ந்தபின் நூலகத்தில் அஞ்சாம் பாகம் கிடைத்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். பட்டாபிஷேகம் நடக்கிறது, ஆனால் வேறு ஒருவர் தலையில்! கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை செத்துப் போகிறாள். புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கல்கி எழுதிய பெரிய சரித்திரக் கதைகள் மூன்று: பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன். முதல் இரண்டும் பல்லவர் கதை, மூன்றாவது சோழர் கதை. ஆனாலும் ஒரு சரடு உண்டு. சோழ நாடு பெரிதாகும் என்று பார்த்திபன் கண்ட கனவு அவன் மகன் காலத்தில் முழுதாகப் பலிக்கவில்லை, முந்நூறு வருஷம் கழித்து ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில்தான் பலித்தது என்று பார்த்திபன் கனவின் முடிவிலேயே சொல்லிவிடுகிறார். அதாவது 1940களிலேயே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுத்தாயிற்று. அதை நம்பி மூன்றாவது கதைக்கு வந்தவனைப் பதினாலு பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுப் போகிறார். கோபம் வராதா?

அந்தக் காலத்திலேயே வந்தது. 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 வரை, மூன்றரை வருஷம் வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? திடீரென்று முடித்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள். அதனால்தான் புத்தகத்தின் கடைசியில் முடிவுரை என்று ஒன்று இருக்கிறது. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா, மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். தனக்குக் கிடைக்க இருந்த கிரீடத்தை இன்னொருவர் தலையில் வைத்ததுதான் கதையின் சிகரம் என்கிறார். அதனால்தானே அஞ்சாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர்.

ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கொன்ற கானன் டாயில், வாசகர் தொல்லை தாங்காமல் 1903இல் உயிரோடு கொண்டுவந்தார். கல்கிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கதை முடிந்த அதே 1954இல், டிசம்பர் 5ஆம் தேதி காலமாகிவிட்டார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார், பாலகுமாரன் ஆறு பாகம் 'உடையார்' எழுதினார். எதுவும் என் ஏமாற்றத்தைத் தீர்க்கவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் காத்திருந்தது கல்கியின் ஆறாம் பாகத்துக்கு.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் பாகம்தான் எல்லாவற்றிலும் நீளம், 91 அத்தியாயம். இருந்தும் அவசரம் தெரிகிறது. பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதனை நிஜமான உத்தம சோழர் ஆக்கியது எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. நந்தினி அவ்வளவு பெரிய பாத்திரம், குதிரையில் ஏறி எங்கேயோ போய்விடுகிறாள். ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் கத்தி என்பதை இருட்டிலேயே விட்டுவிடுகிறார். மகளின் அடுத்த கேள்வியும் இதுதான்: "நிஜத்துல யார்ப்பா கொன்னாங்க?"

நிஜத்தில் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது, அதுவும் கல்லில். எங்கள் ஊரில்! காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்றிருக்கிறேன். கல்கி வந்தியத்தேவனைக் குதிரையில் கூட்டி வந்து கதையை ஆரம்பிக்கிற வீரநாராயண ஏரி, எங்கள் வீராணம், பக்கத்திலேயே. கதையின் முதல் பக்கமும் கொலை வழக்கின் கடைசிப் பக்கமும் ஒரே ஊர்ப்பக்கத்தில் இருக்கின்றன என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. இரண்டாம் ஆட்சி ஆண்டில், 987 வாக்கில், அந்தக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்கிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். ரவிதாசன்! கதையில் ஆந்தைபோல் கத்துகிற மந்திரவாதி ரவிதாசன் கல்கியின் கற்பனை இல்லை, பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால் காட்டில் ஒளிந்திருந்தவன் இல்லை. பிரம்மாதிராஜன் என்பது அரசாங்கத்தில் பெரிய அதிகாரிக்குக் கிடைக்கும் பட்டம்.

கொலை நடந்தது 970ஐ ஒட்டி. உத்தம சோழர் ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆண்டார். அவர் காலத்தில் தண்டனை கொடுத்ததாக ஒரு கல்வெட்டும் இல்லை. இதை வைத்துத்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ராஜராஜன் கிரீடம் வேண்டாம் என்றதற்கும் கற்பனை இல்லாத ஆதாரம் உண்டு. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 இதழ். மக்கள் வேண்டிக் கேட்டும், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி மனசாலும் நாட்டை நினைக்கவில்லை என்று அது சொல்கிறது. கல்கியின் தியாக சிகரம் இதிலிருந்து வந்ததுதான். மகன் காலத்தில் மகனுடைய அரசவைப் புலவர் எழுதியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அப்பாவைப் பற்றி வேறு எப்படி எழுதுவார்!

உடையார்குடிக் கல்வெட்டில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தண்டனை விவரம். நிலம் பறிபோனது கொலைகாரர்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் மக்கள், பெரியப்பா வழி, மாமன் வழி, கூடப்பிறந்தவளைக் கட்டியவன், பெண்ணைக் கட்டியவன் என்று சொந்தம் சொந்தமாக எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார்கள். மாமனார் யாரையோ கொன்றார் என்று மாப்பிள்ளை நிலமும் போயிற்று. இதை மகளிடம் சொன்னபோது, "பொன்னியின் செல்வனா இப்படிப் பண்ணான்?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டாள். குடந்தை ஜோசியர் வீட்டிலிருந்து இலங்கைக் காடு வரைக்கும் அவளுக்குத் தெரிந்த அந்தப் பையன் யானைக்குப் பாசை பேசுகிறவன்.

சரி, நான் ஏன் மட்டாஞ்சேரிக்கு வருகிறேன் என்றால், என் மனைவி கொச்சிக்காரி. மாமனார் வீடு தோப்பும்படி. ஜூலையில் பள்ளி விடுமுறைக்குப் போனோம். மழை என்றால் மழை. விமானத்தில் வரும்போதே மகள் பிடித்துக்கொண்டாள். ராஜா ஆனதும் அவன் முதலில் எந்த ஊர் மேல் சண்டைக்குப் போனான்?

சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அம்மா ஊர் மேல்தான்.

நாலாம் ஆட்சி ஆண்டிலிருந்து ராஜராஜன் கல்வெட்டுகளில் வருகிற முதல் பெருமையே காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தது. கலம் என்றால் கப்பல், சேரன் கப்பற்படையை அழித்தான் என்பது ஒரு கட்சி. சாலை என்பது கல்விச்சாலை, கலம் என்பது அங்கே படிக்கிறவர்களுக்குச் சோறு போடுகிற உண்கலம், அந்த உரிமையைத்தான் நிறுத்தினான் என்பது இன்னொரு கட்சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகவே ஆராய்ந்து எழுதினார். 866இல் ஆய் மன்னன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை வைத்தபோது காந்தளூரைத்தான் மாதிரியாகச் சொல்கிறான். அவ்வளவு பேர்பெற்ற இடம். கப்பலோ சோற்றுத் தட்டோ, எதை உடைத்தாலும் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது பெருமை இல்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன் வெள்ளிப் பாத்திரங்கள் சிலவற்றுக்குக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது: சேரமானையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து செய்தவை என்று. தஞ்சாவூர் போகும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். மலைநாடு என்பது என் மாமியார் வீடு என்று தோன்றவே இல்லை.

முதல் நாள் மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்பார்கள், ஆனால் 1555இல் கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர், 1663இல் டச்சுக்காரர் செப்பனிட்டார்கள். ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதன் வேள்வியில் ஆரம்பித்து ராமன் அயோத்தி திரும்புவதோடு ராமாயணப் படங்கள் முடிகின்றன. சீதையைத் திரும்பக் காட்டுக்கு அனுப்புகிற உத்தர காண்டம் இல்லை. கம்பரும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார், உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பார்கள். "எல்லாரும் நல்ல இடமா பாத்து நிறுத்திடறாங்க," என்றாள் மகள். அவளுக்கு அது புகார்தான்.

மாமனார் அவர் பங்குக்கு ஒரு கதை சொன்னார். கொச்சி ராஜாக்கள் சேரமான் பெருமாள் வழி வந்தவர்கள் என்று நம்பிக்கை. முடிசூட்டு நடக்கவேண்டிய வன்னேரி சாமூதிரி கைக்குப் போய்விட்டது. அதை மீட்கும்வரை யாரும் கிரீடத்தைத் தலையில் வைப்பதில்லை என்று சபதமாம், மடியில் வைத்துக்கொள்வார்களாம். வன்னேரி திரும்ப வரவே இல்லை. கிரீடத்தைத் தலையில் வைக்காத ராஜாவைத் தேடி எங்கள் ஊர்க் கதைக்குப் போகவேண்டாம், இங்கேயே வரிசையாக இருக்கிறார்கள்!

அடுத்த நாள் பக்கத்திலேயே யூதத் தெரு, பரதேசி சினகாக். 1568இல் கட்டியது. தெருவின் பெரும்பாலான குடும்பங்கள் 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டன. வீடுகளில் இப்போது கலைப்பொருள் கடை, மசாலாக் கடை. பரதேசி என்றால் நம் ஊரில் திட்டு. இங்கே வெளிதேசத்திலிருந்து பின்னால் வந்தவர்கள் என்று மட்டும் அர்த்தம். இருபது வருஷமாக நியூ ஜெர்ஸியில் இருக்கிற எனக்கு இந்த அர்த்தம் பிடித்திருந்தது :-)

செருப்பைக் கழற்றிவிட்டு நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள் மேல் நடந்தோம். நான் பார்க்க வந்ததை அங்கே காட்டுவதில்லை, அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. சேரமான் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு ஈசுப்பு இறப்பான் என்கிற யூத வணிகருக்குக் கொடுத்த செப்பேடு. ஜோசப் ரப்பான் என்றால் தெரியும். 2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இதன் நகலைத்தான் பரிசாகக் கொடுத்தார். ஆட்சி ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டு 1000ஆம் ஆண்டு என்கிறார்கள். அதாவது தஞ்சாவூரில் ராஜராஜன் இருக்கும்போதே, அவன் சண்டை போட்ட அதே சேரன் எழுதிக் கொடுத்தது. நான் சின்ன வயதில் மனசுக்குள் எழுதிய ஆறாம் பாகத்தில் யானைக் காலில் விழுகிற பெயரில்லாத சேரன் ஒருவன் வருவான். அவனுக்குப் பெயர் உண்டு. பாஸ்கர ரவி, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர்.

வாசலை ஒட்டிய அறையில் கொச்சி யூதர் சரித்திரத்தை ஓவியங்களாக மாட்டியிருக்கிறார்கள். அங்கே ஓரமாக நின்று, அச்சில் வந்த பாடத்தை ஃபோனில் எடுத்து மெல்ல வாசித்தேன். எழுத்து வட்டெழுத்து. மொழியோ, மாமனார் மலையாளம் என்றார், நான் தமிழ் என்றேன். அவருக்குப் புரியாத இடம் எனக்குப் புரிந்தது, எனக்குத் தட்டியது அவருக்கு வந்தது. அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் கொடுத்தோம். சுங்கமும் துலாக்கூலியும் விட்டோம். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம். பாவாடை என்றதும் மகள் சிரித்துவிட்டாள். பெரிய மனுஷர் நடக்கிற வழியில் விரிக்கிற துணியம்மா அது.

சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேணாட்டை ஆள்கிறவர், ஏறாளநாட்டை ஆள்கிறவர், வள்ளுவநாட்டை ஆள்கிறவர் என்று வரிசையாகக் குறுநில மன்னர்கள், கடைசியில் ஒரு படைத்தலைவர். ஒரு வணிகருக்குச் சலுகை கொடுக்க நாடே கூடி நிற்பானேன்? சோழப் படை வாசலில் நிற்கிற காலம், கப்பலும் பணமும் தேவைப்பட்டிருக்கும், அதற்கான நன்றிதான் இது என்பது எம்.ஜி.எஸ். நாராயணனின் ஊகம். செப்பேட்டில் போர் என்ற பேச்சே இல்லை. எனக்கு அந்த ஊகம் சரி என்றே படுகிறது. தஞ்சாவூர்க் கல்வெட்டில் மலைநாட்டுப் பண்டாரம் என்று ஒரே வார்த்தையில் முடிகிற சண்டைக்கு, இந்தப் பக்கம் இருந்தவர்கள் எப்படித் தயாரானார்கள் என்பது இங்கே தெரிகிறது.

"அப்போ கல்கி இதனாலதான் நிறுத்திட்டாரா?" என்று கேட்டாள்.

கல்கி மனசு எனக்குத் தெரியாது, என் மனசைச் சொன்னேன். இன்னும் ஒரு பாகம் எழுதியிருந்தால் அதில் உடையார்குடி மாப்பிள்ளைகள் வந்திருப்பார்கள், காந்தளூர் வந்திருக்கும். அருள்மொழி இருபது வயதில் நிற்கிற இடத்தில் அவனை விட்டுவிட்டுப் போனார். இத்தனை வருஷம் அதை அவசரம் என்று திட்டினேன். சேந்தன் அமுதன் விஷயத்தில் இப்போதும் திட்டுவேன். கிரீடம் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அதையும் எழுதியிருக்கணும். முத்தச்சன் ஊர்க்காரங்களும் படிப்பாங்க இல்ல?" மாமனார் சும்மா வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, இந்த உரிமையெல்லாம் யார் யாருக்கு என்று தேடச் சொன்னாள். படித்தேன். ஈசுப்பு இறப்பானுக்கும், அவர் ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களைக் கட்டிய மருமகன்களுக்கும், உலகமும் சந்திரனும் உள்ளவரை.

"மாப்பிள்ளைக்குமா?"

"மாப்பிள்ளைக்கும்."

"உங்க ஊர்க் கல்லுல மாப்பிள்ளைக்கு நிலம் போச்சு. இங்க குடையே குடுக்கறாங்க."

வெளியே வந்தால் யூதத் தெருவில் முழங்கால் அளவு சாரல். நாலு பேருக்கு இரண்டு குடை. ஒன்றை மாமியாரும் மகளும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். இன்னொன்றை மாமனார் விரித்து, ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.